தளிப் பக்கத்திலிருந்து இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு: எதிலிருந்து தொடங்குவது?

தளி_மலர்

அனைவருக்கும் வணக்கம். தேன்கனிக்கோட்டை வட்டத்தில் தளிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. வயது 22, பிற்படுத்தப்பட்டோர் பிரிவு. வீட்டில் தெலுங்கு பேசுவோம். ஐந்தாம் வகுப்பு வரை ஊர்ப் பள்ளியில் தெலுங்கு வழியில் படித்தேன். ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ் வழி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஓசூர்ப் பக்கம் மின்னணு உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தேன். விடுதியில் தங்கியிருக்கிறேன். ஷிப்ட் மாறி மாறி வரும்.

காவலர் ஆக வேண்டும் என்பது பள்ளிக் காலத்திலிருந்தே உள்ள ஆசை. உயரம் 161 சென்டிமீட்டர். அப்பா மறுக்கவில்லை, ஆனால் பயப்படுகிறார். "நமக்குத் தெரிந்தவர் ஒருவர்கூட அந்தத் துறையில் இல்லையே, இது நடக்கிற காரியமா?" என்று கேட்கிறார். அம்மா வரன் பார்க்கத் தொடங்கிவிட்டார். ஆகவே எனக்கு இருக்கும் அவகாசம் அடுத்த அறிவிக்கை வரைதான்.

எதிலிருந்து தொடங்க வேண்டும்? கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ அகாடமியில் சேர்ந்தே ஆக வேண்டுமா? தமிழ்த் தாள் என்று ஒன்று இருக்கிறதாமே, அது என்னைப் போன்றவர்களுக்கு எவ்வளவு கடினம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பென்னாகரம்_ஓட்டம்

மலர் அக்கா, முதலில் மைதானத்துக்குப் போங்கள். நான் அடுத்த தேர்வுக்குத் தயாராகிறேன், அதனால் சொல்கிறேன். பெண்களுக்கு 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். அதில் தகுதி பெற்றால்தான் நீளம் தாண்டுதல், குண்டு எறிதல் போன்றவை. எங்களுக்கு 1,500 மீட்டர், ஏழு நிமிடம். உடம்பு ஒரு மாதத்தில் வந்துவிடாது. ஓசூரில் அந்திவாடி விளையாட்டரங்கம் இருக்கிறதே, காலையில் குளிரும் நன்றாக இருக்கும், ஓடுவதற்கு ஏற்ற ஊர் அது.

அகாடமியில் சேர்வதும் நல்லது. தனியாக ஓடினால் ஒரு வாரத்தில் சலித்துவிடும். கூட்டத்தோடு ஓடும்போதுதான் வேகம் கூடும். எங்கள் பகுதியில் சீருடை வேலைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் விடியற்காலையில் சேர்ந்து ஓடியவர்கள்தான்.

சீருடை_அக்கா

மலர், வணக்கம். நான் ஆயுதப்படையில் பணியில் இருக்கிறேன். எந்த மாவட்டம் என்று எழுத வேண்டாம் என நினைக்கிறேன்.

ஓட்டத்தைப் பற்றித் தம்பி சொன்னதெல்லாம் சரி. ஆனால் வரிசையை மாற்ற வேண்டும். சீருடைப் பணியாளர் தேர்வாணையம் மைதானத்தில் தொடங்குவதில்லை, எழுத்துத் தேர்வில் தொடங்குகிறது. ஒரே நாள் காலையில் இரண்டு பகுதிகள். முதல் 80 நிமிடம் தமிழ்மொழித் தகுதித் தேர்வு, 80 கேள்விகள். அடுத்த 80 நிமிடம் முதன்மைத் தேர்வு, 70 கேள்விகள். அவற்றில் பொது அறிவு 45, உளவியல் 25. தமிழில் 40 சதவீதம், அதாவது 32 மதிப்பெண் எடுக்காதவருடைய இரண்டாவது தாளைத் திருத்தவே மாட்டார்கள். முதன்மைத் தேர்வின் மதிப்பெண் வரிசைப்படிதான் சான்றிதழ் சரிபார்ப்புக்கும் உடல்தகுதிக்கும் அழைப்பு வரும். அழைப்பே வராதவர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் யாருக்குத் தெரியப்போகிறது?

மொத்தம் 100 மதிப்பெண்: முதன்மைத் தேர்வு 70, உடல்திறன் 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6. உங்கள் பள்ளியில் என்.எஸ்.எஸ். இருந்திருந்தால் அந்தச் சான்றிதழைத் தேடி எடுத்து வையுங்கள். கடைசி இடங்களில் அரை மதிப்பெண்ணுக்கு ஆட்கள் வரிசையாக நிற்பார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இடங்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு ஒரே மாதிரி இருக்காது. 2022 அறிவிக்கையில் மொத்தம் 3,552 இடங்கள். ஆயுதப்படைக்கு மட்டும் 2,180, ஆண் பெண் இருபாலருக்கும். 2023-ல் மொத்தம் 3,359. ஆயுதப்படையின் 780 இடங்களும் மகளிருக்கே. சிறப்புக் காவல் படையின் 1,819 இடங்களும் தீயணைப்புத் துறையின் 674 இடங்களும் ஆண்களுக்கு. ஆகவே "சென்ற முறை கட்-ஆஃப் இவ்வளவு, இந்த முறையும் இவ்வளவுதான்" என்று யாராவது சொன்னால் அதை நம்பிப் படிப்பைக் குறைக்காதீர்கள்.

உங்கள் உயரத்தில் சிக்கல் இல்லை. பெண்களுக்கு 159 சென்டிமீட்டர், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 157. வயது, அறிவிக்கை ஆண்டின் ஜூலை 1 அன்று 18 நிறைந்திருக்க வேண்டும்; பொதுப் பிரிவுக்கு 26, பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் 28, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 31 வரை. கல்வி, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். பட்டதாரிகள் ஏராளமாக வந்து போட்டியிடுகிறார்கள் என்பது உண்மைதான், அதற்காகப் பயப்பட வேண்டாம். கேள்விகளில் பெரும்பகுதி பள்ளிப் புத்தகத்திலிருந்து வருபவை.

தென்பெண்ணை

காவேரிப்பட்டினத்தில் தமிழாசிரியராக இருக்கிறேன். தமிழ்த் தாள் பற்றி மகள் கேட்டதற்கு நானே விரிவாகச் சொல்கிறேன்.

இந்தத் தாளில் இரண்டு வகைப் பிள்ளைகள் விழுகிறார்கள். ஒரு வகை, "தமிழ்தானே, பார்த்துக்கொள்ளலாம்" என்று புத்தகத்தைத் திறக்காமல் போகும் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். இன்னொரு வகை, தமிழ் தங்களுக்கு வராது என்று முதலிலேயே முடிவுகட்டிக்கொண்ட ஓசூர், தளி, கெலமங்கலம், பாகலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். இரண்டாம் வகையினருக்காகத்தான் எனக்கு மனம் வலிக்கிறது. அவர்களில் பலர் என்னிடம் படித்த உள்ளூர்ப் பிள்ளைகளைவிடக் கவனமாகப் படிப்பவர்கள். அவர்களுக்கு வேண்டியது 80-க்கு 32. தமிழ் மதிப்பெண் தரவரிசையில் சேராது. கம்பனை முழுதும் கற்றுத் தேற வேண்டியதில்லை; தகுதிக் கோட்டைத் தாண்டினால் போதும்.

ஆறு முதல் பத்து வரை தமிழ்ப் பாடநூல்களை எடுத்துக்கொள்ளுங்கள். பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இலக்கணம், இலக்கியம், தமிழ் அறிஞர்களும் தமிழ்த் தொண்டும் என்று பகுத்துக்கொண்டு படியுங்கள். தெலுங்கில் தொடங்கிய பிள்ளைக்கு இலக்கணமே எளிது என்பது என் அனுபவம். காரணம், அதற்கு விதி இருக்கிறது. வினைத்தொகை என்றால் என்ன, பண்புத்தொகை என்றால் என்ன என்று ஒருமுறை பிடிபட்டுவிட்டால் பிறகு எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் விடை வரும். தமிழ் வீட்டுப் பிள்ளை காதால் கேட்டுப் பழகிய துணிவில் விதியைக் கற்காமல் விட்டுவிடும். நீங்கள் விதியைப் பிடித்துக்கொண்டே மேலே வரலாம்.

தடுமாற வைப்பவை சில உண்டு. ல, ள, ழ வேறுபாடு, ர, ற, ந, ன, ண. வலி மிகும் இடம், மிகா இடம். இவற்றைப் படித்தால் மட்டும் போதாது, எழுதிப் பழக வேண்டும். செய்தித்தாளில் ஒரு பத்தியைத் தினமும் பார்த்து எழுதுங்கள், மறுநாள் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டு எழுதுங்கள். விடுதியில் உங்களோடு தங்கியிருப்பவர்களில் தமிழ் வழியில் படித்தவர் ஒருவராவது இருப்பார்.

செய்யுளைப் பொறுத்தவரை நாம் பேறு பெற்ற மண்ணில் இருக்கிறோம். தகடூர் என்பது இன்றைய தருமபுரி. அதியமான் நெடுமான் அஞ்சியும் ஔவையும் நெல்லிக்கனியும் எந்த வகுப்புப் புத்தகத்திலாவது வந்துகொண்டேதான் இருப்பார்கள். பாடத்தில் வரும் ஊர் நம் ஊர் என்று தெரிந்தால் பாட்டு தானாக மனத்தில் தங்கும். பொது அறிவுக்கும் அப்படியே. இராஜாஜி பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்குப் பக்கம். சுப்பிரமணிய சிவா 1925-ல் மறைந்த பாப்பாரப்பட்டி இங்கேதான். சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிந்தது 1965, தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004. இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, ஊரைப் பற்றித் தெரிந்துகொண்டாலே போதும்.

கெலமங்கலம்_வாசகர்

ஆசிரியர் ஐயா சொன்னது பயனுள்ளது, மறுக்கவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாநில எல்லையில் பிறந்தது எங்கள் பிள்ளைகளின் குற்றமா? தாய்மொழியில் தொடக்கக் கல்வி படி என்று பள்ளி வைத்ததும் இதே அரசுதான். அங்கே படித்த பிள்ளையின் விடைத்தாளைத் தமிழில் 31 எடுத்தாள் என்பதற்காகத் திருத்தாமலே ஒதுக்குவதும் இதே அரசுதான். எங்கள் ஊரில் பி.ஏ. முடித்த பையன்கள் இந்தத் தாளைப் பார்த்தே விண்ணப்பிப்பதைக் கைவிட்டார்கள். அவர்கள் இப்போது கம்பெனி வேனில் போய் வருகிறார்கள்.

ஓய்வுபெற்ற_ஏட்டு

கெலமங்கலத்து ஐயாவின் கோபம் நியாயமானது. ஆனால் காவல் நிலையத்து மேசைக்கு எதிரே உட்கார்ந்து பணிபுரிந்தவன் என்ற முறையில் என் பக்கத்தையும் கேளுங்கள்.

நிலையத்துக்கு வருபவர் கொடுக்கும் மனு, அதற்கு நாம் தரும் சி.எஸ்.ஆர். ரசீது, முதல் தகவல் அறிக்கை, சாட்சியின் வாக்குமூலம், பொது நாட்குறிப்பு எல்லாம் தமிழில்தான். வாக்குமூலத்தில் ஒரு சொல் மாறினால் நீதிமன்றத்தில் வழக்கே சாய்ந்துவிடும். "அடித்தான்" என்று எழுத வேண்டிய இடத்தில் "அடிக்க வந்தான்" என்று எழுதிவிட்டால் பாதிக்கப்பட்டவருக்கு யார் பதில் சொல்வது? ஆகவே தமிழ் எழுதத் தெரிந்தவர்தான் வேண்டும் என்று அரசு கேட்பதில் தவறில்லை.

ஆனால் அத்தோடு முடியவில்லை. எல்லைப் பக்கத்து நிலையம் ஒன்றில் நான் இருந்தபோது இரவில் ஒரு பெண் அழுதுகொண்டே வந்தார். கன்னடம் தவிர வேறு மொழி அவருக்குத் தெரியாது. எங்களில் யாருக்கும் கன்னடம் தெரியாது. பக்கத்து டீக்கடைக்காரரை எழுப்பி அழைத்து வந்து அவர் வழியாகக் கேட்டு எழுதினோம். கணவன் செய்த கொடுமையை ஒரு பெண், அறிமுகமில்லாத கடைக்காரர் முன்னால் சொல்ல வேண்டியிருந்தது. அவர் எதைச் சொன்னார், எதை விட்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த இரவில் மலரைப் போல மூன்று மொழி அறிந்த ஒரு பெண் காவலர் அங்கே இருந்திருந்தால்! ஜூஜூவாடிச் சோதனைச் சாவடியில் லாரி ஓட்டுநரிடம் பேசவும், தளியில் நிலத் தகராறை விசாரிக்கவும், ஓசூரில் காணாமல்போன பிள்ளையைத் தேடவும் இந்தப் பிள்ளைகள்தான் தேவை.

அதனால் என் கருத்து இது. தமிழ்த் தாள் இருக்கட்டும். அதைத் தாண்ட எல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் சீருடைப் பணியாளர் தேர்வுக்கு இலவச வகுப்பு நடத்துகிறார்கள். அதில் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பிள்ளைகளுக்கென்று தமிழ் வகுப்பைக் கூட்டித் தரச் சொல்லிப் பெற்றோர்கள் சேர்ந்து ஆட்சியரிடம் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனுக் கொடுங்கள். கைவிட்டுப் போன பையன்களையும் அழைத்து வாருங்கள் ஐயா.

கெலமங்கலம்_வாசகர்

மனுக் கொடுக்கலாம் என்கிற யோசனை நன்று. எங்கள் பக்கம் நான் பேசிப் பார்க்கிறேன். ஆசிரியர் ஐயா ஞாயிற்றுக்கிழமைகளில் வர முடியுமா?

தென்பெண்ணை

வருகிறேன். இடம் மட்டும் ஏற்பாடு செய்யுங்கள், கட்டணம் எதுவும் வேண்டாம்.

தளி_மலர்

ஏட்டு ஐயா எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் "அந்த வகுப்பு எந்த ஊரில்?" என்று கேட்டார்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத இடஒதுக்கீடு உண்டாமே, ஆறிலிருந்து தமிழ் வழி என்பதால் நான் கேட்கலாமா? சாதிச் சான்றிதழ் பள்ளியில் படிக்கும்போது வாங்கியது, அது போதுமா?

சீருடை_அக்கா

தமிழ் வழி ஒதுக்கீடு உங்களுக்குக் கிடையாது. ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை முழுவதும் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். இடையில் ஓர் ஆண்டு வேறு வழியில் படித்திருந்தாலும் கேட்க முடியாது. விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தைத் தொடாதீர்கள். ஆசையில் "ஆம்" என்று குறித்துவிட்டுச் சான்றிதழ் சரிபார்ப்பில் நின்று அழுத பெண்களைப் பார்த்திருக்கிறேன். தகுதி உள்ளவர்கள், ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகளில் படித்திருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் தலைமையாசிரியரிடம் தனித்தனியாகச் சான்று வாங்க வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். இப்போதே வாங்கி வையுங்கள்.

சாதிச் சான்றிதழில் பெயரும் தந்தை பெயரும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளது போலவே எழுத்துக்கு எழுத்து இருக்கின்றனவா என்று பாருங்கள். உங்கள் பக்கத்தில் இதுதான் பெரிய தொல்லை. தெலுங்குப் பெயரைப் பள்ளியில் ஒருவிதமாகவும் வட்டாட்சியர் அலுவலகத்தில் இன்னொருவிதமாகவும் எழுதியிருப்பார்கள். முதலெழுத்து இடம் மாறியிருக்கும். ஆதாரில் மூன்றாவது விதமாக இருக்கும். இதைச் சரிசெய்ய அலைவது, அறிவிக்கை வெளிவந்த பிறகு நடக்காது. விண்ணப்பிக்கக் கொடுக்கும் காலம் ஏறக்குறைய ஒரு மாதம்தான்.

திருமணம் பற்றி எழுதியிருந்தீர்கள், அதனால் இதையும் சொல்கிறேன். திருமணம் ஆனாலும் சாதிச் சான்றிதழ் தந்தை பெயரில்தான் இருக்க வேண்டும், கணவர் பெயரில் வாங்கியது செல்லாது. திருமணத்துக்குப் பிறகும் தேர்வு எழுதலாம், எத்தனையோ பேர் எழுதி வந்திருக்கிறார்கள். ஆனால் நம் இரண்டு மாவட்டங்களிலும் பெண் பிள்ளைகளுக்கு எவ்வளவு சீக்கிரம் கல்யாணம் முடித்துவிடுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். முடிந்தால் ஒரு தேர்வுக் காலம் அம்மாவிடம் கேட்டு வாங்குங்கள்.

அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள். தமிழ்நாட்டுக் காவல்துறையில் பெண்கள் சேர்ந்தது 1973-ல், மொத்தம் 22 பேர். இன்று எங்கள் அணிவகுப்பில் வரிசை வரிசையாக நிற்கிறோம். திருநங்கை என்பதற்காக விண்ணப்பத்திலேயே தடுக்கப்பட்டு, உயர் நீதிமன்றம் வரை போய் உரிமையை வென்ற பிரித்திகா யாஷினி, உதவி ஆய்வாளராக 2017-ல் பொறுப்பேற்றது நம் தருமபுரி மாவட்டத்தில்தான். 

நாகரசம்பட்டி_நண்பன்

தெரிந்தவர் வேண்டும் என்ற பேச்சு வந்ததால் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒருவர் சென்னையில் ஆள் வைத்திருக்கிறார். எழுத்தில் தேறினால் போதும், நேர்முகத்தில் பார்த்துக்கொள்வாராம். முன்பணம் மட்டும் கேட்கிறார். எண் வேண்டுவோர் தனியே கேளுங்கள்.

நெறியாளர்

மேலே உள்ள பதிவரிடம் விளக்கம் கேட்டிருக்கிறோம். இத்தகைய ஆட்களின் எண்ணை இங்கே பகிரக் கூடாது. பதிவு எச்சரிக்கைக்காக அப்படியே விடப்படுகிறது.

ஓய்வுபெற்ற_ஏட்டு

தம்பி, உங்களை யாரோ ஏமாற்றப் பார்க்கிறார்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் நேர்முகமே கிடையாது! எழுத்துத் தேர்வு விடைக்குறிப்பு இணையதளத்தில் வந்துவிடும், உங்கள் மதிப்பெண்ணை நீங்களே கூட்டிக்கொள்ளலாம். மைதானத்தில் கடிகாரமும் அளவுநாடாவும் எல்லோர் கண்ணெதிரே இருக்கும். அந்த மனிதர் எதை விற்கிறார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். ஆடு மாடு விற்று, நகையை அடகு வைத்துப் பணம் கொடுத்த குடும்பங்கள் புகார் மனுவோடு வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பணம் திரும்பி வருவது அரிது. தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

பென்னாகரம்_ஓட்டம்

அகாடமி பற்றியும் பேசி முடித்துவிடுவோம். நான் சேர்ந்திருக்கும் இடத்தில் மைதானப் பயிற்சி நன்றாக இருக்கிறது; உளவியல் பகுதிக்குத்தான் ஒழுங்கான வகுப்பு இல்லை. 25 மதிப்பெண் அதில் இருக்கிறது என்று அக்கா சொன்ன பிறகு பார்க்கிறேன், எங்கள் குழுவில் முக்கால்வாசிப் பேர் அந்தப் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. அதில் என்ன படிக்க வேண்டும்?

சீருடை_அக்கா

பெயர்தான் உளவியல். உள்ளே தருக்கம், எண்கணிதம், தகவல் கையாளுதல், மனத்திறன், கருத்துப் பரிமாற்றம் எல்லாம் வரும். சதவீதம், விகிதம், வேலை-நாள் கணக்கு, எண் தொடர், குறியீட்டுக் கேள்வி இவற்றைத் தினமும் செய்தால் கை பழகிவிடும். தேர்வாணையத்தின் முந்தைய வினாத்தாள்களை நேரம் வைத்துப் போட்டுப் பாருங்கள். ஷிப்டில் இருப்பவருக்கு இது வசதியான பகுதி. வேனில் போகும்போதுகூட ஒரு கணக்குப் போடலாம்.

அகாடமி கட்டாயமில்லை. எழுத்துக்குப் பயிலும் வட்டமும் மாவட்ட மைய நூலகமும் போதும். மைதானத்துக்கு மட்டும் கடைசி மாதங்களில் பயிற்சியாளர் ஒருவர் பார்வையில் இருப்பது நல்லது. குறிப்பாக நீளம் தாண்டுதல். பெண்களுக்கு 3 மீட்டர் தாண்டினால் ஒரு நட்சத்திரம் (மதிப்பெண்ணுக்கான படிநிலை), 3.75 மீட்டருக்கு இரண்டு. கால் வைக்கும் பலகையைத் தாண்டி மிதிக்காமல் ஓடி வரும் கணக்கு, ஆள் பார்த்துத் திருத்தினால்தான் அமையும். ஆண்களுக்குக் கயிறு ஏறுதலும் அப்படியே. 5 மீட்டரும் 6 மீட்டரும் புத்தகத்தில் ஒரு வரி. உள்ளங்கை உரியும்போதுதான் அந்த ஒரு மீட்டர் என்ன என்று தெரியும்.

மத்தூர்_காளை

ஐயா, அண்ணா, யாராவது எனக்கும் பதில் சொல்லுங்கள். எருது விடும் விழாவில் ஏற்பட்ட தகராறில் எங்கள் ஊரில் பலர் மீது வழக்கு. என் பெயரும் இருப்பதாகச் சொல்கிறார்கள். நான் யாரையும் அடிக்கவில்லை, கூட்டத்தில் நின்றேன். 1,500 மீட்டரை ஏழு நிமிடத்துக்கு முன்பே முடிக்கிறேன். விண்ணப்பத்தில் வழக்கு இருக்கிறதா என்று கேட்டால் என்ன எழுதுவது? இல்லை என்று எழுதினால் தெரியவா போகிறது என்கிறார்கள் நண்பர்கள்.

பர்கூர்_வழக்கறிஞர்

தம்பி, தெரியும். நியமனத்துக்கு முன் உள்ளூர் நிலையத்திலிருந்து நன்னடத்தைச் சரிபார்ப்பு நடக்கும். மறைத்தது தெரிந்தால், வழக்கைவிட மறைத்ததுதான் பெரிய குற்றமாகப் பார்க்கப்படும். 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியது: விண்ணப்பதாரர் தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும், வழக்கின் தன்மையைப் பார்த்து அதிகாரி முடிவெடுக்கலாம். உண்மையைச் சொன்னவருக்கு வாதாட ஒரு தரையாவது இருக்கும்.

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலை நிலையத்திலோ தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையிலோ பாருங்கள். பெயர் சொல்லி இருக்கிறதா, "மற்றும் பலர்" என்று மட்டும் இருக்கிறதா, குற்றப்பத்திரிகை தாக்கலானதா என்பது தெரிய வேண்டும். பெயர் இருந்து, உங்கள் மீது குறிப்பான செயல் எதுவும் சொல்லப்படவில்லை என்றால், வழக்கை ரத்து செய்யச் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்யலாம். இதை விண்ணப்பத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். வழக்கு நிலுவையில் இருக்கும்போது சரிபார்ப்பு வந்தால் அந்த ஆண்டு வாய்ப்பு போய்விடும். பிறகு விடுதலையானாலும் அடுத்த தேர்வில்தான் கேட்க முடியும். ஐயத்தின் பலனைக் கொடுத்து (குற்றம் ஐயமற நிரூபிக்கப்படவில்லை என்று) ஒருவர் விடுவிக்கப்பட்டால் தமிழ்நாட்டுக் காவல் பணி விதி அவரையும் வழக்கில் தொடர்புடையவராகவே கருதுகிறது. ஆகவே விடுதலை எந்த விதத்தில் கிடைக்கிறது என்பதும் முக்கியம்.

எல்லோருக்கும் சேர்த்து ஒன்று சொல்ல விரும்புகிறேன். "குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடு, இன்றோடு முடிந்துவிடும்" என்று நீதிமன்ற வராந்தாவில் யாராவது யோசனை சொல்வார்கள். அது முடிவதில்லை, தண்டனை என்று பதிவாகிறது. சில நூறு ரூபாயில் வேலை வாய்ப்பை இழந்த இளைஞர்கள் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். சீருடை வேலைக்குப் போக நினைப்பவர் ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகவே கேட்கலாம்.

2023 பிப்ரவரியில் ஓசூர்ப் பக்கம் கோபசந்திரத்தில் எருது விடும் விழா அனுமதிப் பிரச்சினையில் தேசிய நெடுஞ்சாலையே மறிக்கப்பட்டது. அப்படி ஒரு நாளில் வேடிக்கை பார்க்க நின்றவனும் கல் எறிந்தவனும் காமிராவில் ஒன்றாகத்தான் தெரிவார்கள். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அந்தக் கூட்டத்திலிருந்து விலகி நில்லுங்கள்.

மத்தூர்_காளை

நன்றி ஐயா. நாளை நகல் எடுக்கப் போகிறேன்.

தளி_மலர்

வேலையில் சேர்ந்த பிறகு எப்படி இருக்கும் என்றும் சொல்லுங்கள். சம்பளத்தை ஒப்பிட்டுப் பார்க்க அப்பா கேட்கிறார்.

ஓய்வுபெற்ற_ஏட்டு

தொடக்க ஊதியம் 18,200 ரூபாய், நிலை 18,200 - 67,100. அதன்மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி போன்றவை. ஒப்பந்தத் தொழிற்சாலையில் இன்று கைக்கு வருவதோடு மட்டும் ஒப்பிட வேண்டாம். அங்கே நாளை வரவேண்டாம் என்று சொல்லிவிட முடியும்.

வேலை கடினம், அதை மறைக்க மாட்டேன். பயிற்சி முடிந்ததும் எந்த ஊரில் போடுவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை, சென்னைக்கும் போகலாம். ஆடிப்பெருக்குக்கு ஊரே ஒகேனக்கல்லில் குளிக்கும், நீங்கள் வெயிலில் கயிறு பிடித்து நிற்பீர்கள். தொப்பூர்க் கணவாயில் லாரி கவிழ்ந்தால் நள்ளிரவில் ஓட வேண்டும், அங்கே பார்ப்பது எளிதில் மறக்காது. வார விடுப்புக்கு 2021-ல் அரசாணை வந்தது; ஆள் பற்றாக்குறை உள்ள இடத்தில் அது எல்லா வாரமும் கைக்கு எட்டாது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு வாருங்கள். ஐந்து ஆண்டுப் பணி முடித்தால் துறை ஒதுக்கீட்டில் உதவி ஆய்வாளர் தேர்வு எழுதலாம், அதையும் இப்போதே மனத்தில் வையுங்கள்.

சீருடை_அக்கா

அறிவிக்கை வந்ததும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் விண்ணப்ப உதவி மையம் திறப்பார்கள். இணையத்தில் சிக்கல் வந்தால் தயங்காமல் போய்க் கேளுங்கள்.

காரிமங்கலம்_தம்பி

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். நான் மிகப் பிற்படுத்தப்பட்டோர், உயரம் 168. எழுத்தில் நல்ல மதிப்பெண் வாங்கினால் உயரத்தில் தளர்வு கிடைக்குமா?

சீருடை_அக்கா

கிடைக்காது தம்பி. உங்கள் பிரிவுக்கு 170, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 167. எழுத்து மதிப்பெண் அதற்கு ஈடாகாது. சுவரில் கோடு போட்டு வீட்டில் அளந்ததை நம்பாமல், காலையில் மருத்துவமனையிலோ உடற்கல்வி ஆசிரியரிடமோ ஒருமுறை சரியாக அளந்து பாருங்கள்.

168 என்பது உறுதியானால் வனத்துறையைப் பாருங்கள். வனக்காப்பாளர் பணிக்கு ஆண்களுக்கு 163 சென்டிமீட்டர் போதும். 2024 முதல் அதற்கும் குரூப் 4 தேர்வு வழியாகவே ஆள் எடுக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பாடம் படித்திருக்க வேண்டும். நான்கு மணி நேரத்தில் 25 கிலோமீட்டர் நடக்கச் சொல்வார்கள். தமிழ்ப் பகுதி அங்கேயும் உண்டு, ஆகவே தென்பெண்ணை ஐயாவின் ஞாயிறு வகுப்புக்கு நீங்களும் வரலாம்.

கெலமங்கலம்_வாசகர்

வகுப்புக்கு எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடம் கிடைத்திருக்கிறது. தளியிலிருந்து வருபவர்கள் பஸ் நேரத்தைச் சொன்னால் அதற்கேற்பத் தொடங்கலாம்.

தளி_மலர்

ஞாயிறு காலைப் பேருந்து நேரத்தை அப்பா விசாரித்துவிட்டு வந்து சொல்வார். இந்த வாரம் எனக்கு இரவு ஷிப்ட். சனிக்கிழமை இரவு வேலை முடிந்து விடிந்ததும் ஓசூரிலிருந்து நேராக வருகிறேன், பத்து மணிக்கு வைத்தால் வசதியாக இருக்கும்.